‘நம்ம ஆள்’ என்று சொல்லி ஆள் எடுத்த காலம்

2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தபோது, மருந்துக் கடைகளுக்கான பில் மற்றும் சரக்கு இருப்பு மென்பொருளை உருவாக்கிக்கொண்டிருந்த எங்கள் நிறுவனத்தில் மொத்தம் ஆறு பேர் இருந்தோம். பெருங்குடியில் ஒரு வீட்டின் மாடியில் இரண்டு அறைகள். கீழே வீட்டுக்காரர் குடியிருந்தார். அதுவரை கையால் எழுதும் பில் புத்தகத்திலேயே காலம் தள்ளிய கடைக்காரர்கள் பலர் அந்தக் கோடையில்தான் கணினி வாங்கி எங்களை அழைக்கத் தொடங்கினார்கள். ஆறு மாதத்துக்குள் எட்டுப் பேரையாவது வேலைக்கு எடுக்காவிட்டால் வந்த வாடிக்கையாளர்களைத் தக்கவைக்க இயலாது என்ற நிலை.

பழைய மகாபலிபுரம் சாலையின் இருபுறமும் நிற்கும் பெரிய கட்டடங்களில் கிடைக்கும் சம்பளத்தை எங்களால் கொடுக்க முடியாது. எங்கள் நிறுவனத்தின் பெயரும் யாருக்கும் தெரியாது. ஆகவே நாங்கள் காட்டக்கூடிய ஒரே சரக்கு எங்கள் பணிச்சூழல்தான் என்று முடிவு செய்து, அதற்குக் ‘கல்ச்சர்’ என்று பெயரும் வைத்துக்கொண்டோம். நேர்காணல் முடிந்ததும் வந்தவரைத் தெருமுனை டீக்கடைக்கு அழைத்துச் செல்வோம். அவர் போன பிறகு எங்களுக்குள் கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: ‘இவரோடு தினமும் டீ குடிக்க முடியுமா?’ முடியும் என்று நான்கு பேர் சொல்லிவிட்டால் மறுநாளே ஆஃபர் லெட்டர் போய்விடும். ‘நம்ம ஆள்’ என்பதுதான் எங்களிடம் இருந்த உச்சகட்டப் பாராட்டு.

அப்படி எடுத்த எட்டுப் பேரும் ஆண்கள். ஆறு பேர் நாங்கள் படித்த இரண்டே கல்லூரிகளில் படித்தவர்கள். அன்று அது எங்கள் கண்ணில் படவே இல்லை. மாறாக, எல்லோரும் எவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கொண்டார்கள் பாருங்கள் என்று பெருமைப்பட்டோம்.

அடுத்த ஆண்டு நடந்த ஒரு சம்பவம் அந்தப் பெருமையைக் கலைத்தது. மருந்துக் கடையில் ஒரே மாத்திரை பல பேட்ச்களாக, அதாவது வெவ்வேறு தயாரிப்புத் தொகுதிகளாக, இருக்கும். எந்த பேட்ச் முதலில் காலாவதியாகிறதோ அதிலிருந்துதான் விற்பனையைக் கழிக்க வேண்டும். நாங்கள் வெளியிட்ட ஒரு புதிய பதிப்பில் அந்த வரிசை தவறிவிட்டது. அதனால் அலமாரியில் இருந்த பேட்ச் ஒன்று, திரையில் பார்த்தால் இன்னொன்று. தாம்பரம் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் காலாவதிச் சரக்கை மொத்த வியாபாரிக்குத் திருப்பி அனுப்ப எடுத்துவைத்தபோது கணக்கு இடிக்கிறது என்று சனிக்கிழமை மாலை அழைத்தார். அந்தப் பகுதியை எழுதிய பொறியாளருக்கு விஷயம் வியாழக்கிழமையே தெரிந்திருந்தது. இரண்டு இரவுகள் தூங்காமல், யாருக்கும் தெரியாமல், அதைச் சரிசெய்ய முயன்றுகொண்டிருந்திருக்கிறார்.

டீக்கடையில் எங்களைச் சிரிக்க வைப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. பொருத்தம் என்று நாங்கள் வைத்திருந்த அளவுகோலில் முழு மதிப்பெண் வாங்கியவர். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டபோது அவர் சற்றுத் தயங்கிவிட்டு, “சொன்னா ஒரு வாரம் ஓட்டுவீங்களே” என்றார். உண்மைதான். எவராவது தவறு செய்தால் அதை வைத்து டீ நேரத்தில் கேலி செய்வதுதான் எங்கள் குழுவின் பொழுதுபோக்காக இருந்தது; அதை நெருக்கத்தின் அடையாளம் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். அந்த நெருக்கம்தான் ஒரு நல்ல பொறியாளரைத் தவறை மறைக்கப் பழக்கியிருந்தது. (அவர் இன்றும் எங்களோடுதான் இருக்கிறார், இதை எழுதுவதற்கு அவரிடம் அனுமதி கேட்டேன்.)

அந்த வாரம் பழைய நேர்காணல் குறிப்புகளை எடுத்துப் படித்தேன். நாங்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய ஒரு பெண்ணைப் பற்றி என் கையெழுத்திலேயே ‘அமைதியானவர், நம்மோடு ஒட்டமாட்டார்’ என்று எழுதியிருந்தது. அவர் எழுதிக் காட்டிய நிரலைப் பற்றியோ, சிக்கலை அணுகிய விதத்தைப் பற்றியோ ஒரு சொல் கூட இல்லை. தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்தவர். ஆங்கிலத்தில் பேசும்போது யோசித்துப் பேசினார். டீக்கடைக்கு நான்கு ஆண்களோடு வரத் தயங்கினார். எங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் தமிழில் மட்டுமே பேசுகிற கடைக்காரர்கள் என்பதை நினைத்தால், யார் யாரோடு ஒட்டவில்லை என்பது விளங்கும். அவரைத் தொலைபேசியில் அழைத்து வருத்தம் தெரிவித்து, மீண்டும் வர விருப்பமா என்று கேட்டேன். வேறு இடத்தில் நன்றாக இருப்பதாகச் சொல்லி, மிகவும் மரியாதையாக மறுத்துவிட்டார்.

இதற்குப் பிறகுதான் இந்தப் பொருளைப் பற்றி நான் முறையாகப் படிக்கத் தொடங்கினேன். அமெரிக்காவின் முன்னணிச் சட்ட நிறுவனங்கள், முதலீட்டு வங்கிகள், ஆலோசனை நிறுவனங்கள் ஆகியவற்றில் ஆள் எடுப்பவர்கள் 120 பேரிடம் பேசி, சமூகவியலாளர் லாரன் ரிவேரா 2012இல் வெளியிட்ட ஆய்வு என்னைச் சங்கடப்படுத்தியது. விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டால் இவரோடு பொழுது போகுமா என்று அவர்கள் தங்களைக் கேட்டுக்கொள்வார்களாம். எங்கள் டீக்கடையின் விலையுயர்ந்த வடிவம் அது. பொழுதுபோக்கும் பின்னணியும் பேச்சு நடையும் தங்களோடு ஒத்துப்போகிறவர்களையே அவர்கள் தகுதியானவர்களாகக் கண்டார்கள் என்பது ரிவேராவின் முடிவு.

அதைப் படித்த வேகத்தில், பொருத்தம் பார்ப்பதையே விட்டுவிட்டு வெறும் திறமையை மட்டும் பார்க்கலாம் என்று என் கூட்டாளி சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. 1990களின் நடுவில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் பேரன், மைக்கேல் ஹன்னன் ஆகியோர் சிலிக்கான் பள்ளத்தாக்கின் ஏறத்தாழ இருநூறு இளம் நிறுவனங்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். நட்சத்திரத் திறமையாளர்களைத் தேடியவர்கள், கையிலுள்ள வேலைக்கான திறனை மட்டும் பார்த்தவர்கள், நிறுவனத்தோடு நீண்டகாலப் பிணைப்பு ஏற்படுமா என்று பார்த்து எடுத்தவர்கள் என்று நிறுவனர்கள் பலவகைப்பட்டார்கள். அவர்களில் மூழ்கிப்போகும் வாய்ப்பு மிகக் குறைவாக இருந்தது கடைசி வகையினருக்கே. நடுவழியில் முறையை மாற்றியவர்களிடம் ஆட்கள் வெளியேறுவது கூடியது என்பதும் அந்த ஆய்வின் இன்னொரு கண்டுபிடிப்பு. ஆகவே பொருத்தம் பார்ப்பதில் தவறில்லை. எதற்குப் பொருத்தம் என்று நாங்கள் எழுதிவைக்காததுதான் தவறு என்பது என் வாதம். மூன்று வாரம் சண்டை போட்ட பிறகு, எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம்.

எழுதுவது எளிதாக இருக்கவில்லை. முதல் வரைவில் நேர்மை, வேகம், வாடிக்கையாளரே தெய்வம் என்று சுவரில் மாட்டக்கூடிய சொற்களாக வந்து விழுந்தன. நெட்ஃப்ளிக்ஸ் நிறுவனம் 2009இல் இணையத்தில் வெளியிட்ட தன் பணிப்பண்பாட்டு ஆவணத்தில் இதைத்தான் முதலிலேயே கிண்டல் செய்திருப்பார்கள்: கணக்கு மோசடியில் கவிழ்ந்த என்ரான் நிறுவனத்தின் வரவேற்பறையிலும் நேர்மை என்றுதான் எழுதியிருந்தது. யாருக்குப் பதவி உயர்வு கிடைக்கிறது, யார் வெளியே அனுப்பப்படுகிறார் என்பதைப் பார்த்தால் ஒரு நிறுவனம் உண்மையில் எதை மதிக்கிறது என்பது தெரிந்துவிடும் என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தை எடுத்துக்கொண்டதோடு நிறுத்தியிருக்கலாம். நாங்களோ அவர்களைப் பார்த்து விடுப்புக்குக் கணக்கே கிடையாது என்ற விதியையும் கொண்டுவந்தோம். விளைவு, அந்த ஆண்டு எவரும் சரியாக விடுப்பே எடுக்கவில்லை. கணக்கு இருந்தபோது, ‘என் பன்னிரண்டு நாள்’ என்று உரிமையோடு குலதெய்வக் கோயில் கொடைக்கு ஊருக்குப் போனவர்கள், கணக்கு போனதும் யார் முதலில் கேட்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மறு ஆண்டே ஆண்டுக்குக் குறைந்தது பதினைந்து நாள் கட்டாயம் எடுக்க வேண்டும் என்று மாற்றினோம்.

கடைசியில் தேறியது இரண்டு பக்க ஆவணம். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினோம். இங்கே வேலை எப்படி நடக்கிறது என்பது மட்டுமே அதில் இருக்கிறது. பொறியாளர் உட்பட எல்லோரும் மாதத்தில் ஒரு நாள் வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்க வேண்டும். கடைக்காரர்கள் கடையைச் சாத்திய பிறகு, இரவு பத்து மணிக்குத்தான் அழைப்பார்கள். தவறு தெரிந்த ஒரு மணி நேரத்துக்குள், தீர்வு கையில் இல்லாவிட்டாலும், பொதுக் குழுவில் எழுதிவிட வேண்டும். எழுதியவரை எவரும் கேலி செய்யக் கூடாது. எங்கள் சம்பளம் இதே சாலையில் உள்ள பெரிய நிறுவனங்களைவிடக் குறைவு. எவ்வளவு குறைவு என்றும் எழுதியிருக்கிறோம். நிறுவனர்கள் இருவருக்கும் கருத்து வேறுபட்டால் யார் முடிவெடுப்பார் என்பது கூட அதில் உண்டு. விண்ணப்பிக்கிற எவருக்கும் முதல் அழைப்புக்கு முன்பே இதை அனுப்பினோம். அனுப்பத் தொடங்கிய பிறகு பாதிப் பேர் திரும்ப அழைக்கவில்லை. ஆள் கிடைக்காமல் தவிக்கும் ஒரு நிறுவனத்துக்கு அது வயிற்றில் புளியைக் கரைக்கிற விஷயம்தான். ஆனால் அந்தப் பாதிப் பேர், முன்பெல்லாம் சேர்ந்து நான்காவது மாதத்தில் போனவர்களைப் போன்றவர்கள்.

டீக்கடைக்குப் பதிலாக வந்தது மூன்று மணி நேர வேலைத் தேர்வு. எங்களிடம் உண்மையில் நடந்து தீர்ந்துபோன ஒரு பழைய பிழையை, வாடிக்கையாளர் கோபமாகப் பேசிய ஒலிப்பதிவோடு (பெயர்களை நீக்கிவிட்டு) கொடுப்போம். வேண்டுமென்றே சில விவரங்களை விட்டிருப்போம். தேவையான விவரம் இல்லை என்று தெரிந்ததும் அவர் கேட்கிறாரா, தானாக ஊகித்து ஓடுகிறாரா என்பது முதல் கவனிப்பு. விடையைக் காட்டிய பிறகு, அதில் உள்ள ஒரு குறையைச் சுட்டிக்காட்டுவோம். அப்போது அவர் என்ன செய்கிறார் என்பது இரண்டாவது. மூன்று மணி நேரத்துக்கும் பணம் கொடுத்துவிடுவோம், தேர்வானாலும் ஆகாவிட்டாலும். இதைச் சில நண்பர்கள் வீண் செலவு என்றார்கள். வேலை தேடுகிறவரின் ஞாயிற்றுக்கிழமையை இலவசமாக எடுத்துக்கொண்டுவிட்டு, பிறர் நேரத்தை மதிப்பது எங்கள் பண்பாடு என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

பேச்சில் கேட்கும் கேள்விகளையும் எல்லோருக்கும் ஒன்றாக்கினோம். அவற்றில் எனக்கு மிகவும் பயன்பட்டது இது: ‘உங்கள் தவறு ஒன்று வாடிக்கையாளர் வரை போனதுண்டா? யாரிடம் சொன்னீர்கள், தெரிந்து எவ்வளவு நேரம் கழித்துச் சொன்னீர்கள்?’ முதல் பாதிக்கு எல்லோரும் அழகாகத் தயாரித்த பதில் வைத்திருப்பார்கள். கடைசிப் பகுதிக்கு வரும்போதுதான் உண்மையான நினைவு வெளியே வரும். நேர்காணல் எடுத்த மூவரும் ஒருவரோடொருவர் பேசுவதற்கு முன்பே தனித்தனியாக மதிப்பீட்டை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ‘தோன்றுகிறது’ என்ற சொல்லுக்கு அந்தத் தாளில் இடமில்லை, அவர் என்ன செய்தார், என்ன சொன்னார் என்றுதான் எழுத வேண்டும். இந்த ஒரு விதியால் எங்கள் வாக்குவாதங்கள் பாதியாகக் குறைந்தன.

கேட்கக் கூடாதவற்றின் பட்டியல் ஒன்றும் உண்டு. அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எங்களில் ஒருவர், வந்தவரின் பதற்றத்தைக் குறைப்பதற்காக, சொந்த ஊர் எது, அங்கே எந்தத் தெரு, அப்பா என்ன செய்கிறார் என்று ஆரம்பிப்பார். அவர் மனதில் எந்தக் கள்ளமும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த ஓர் இளைஞரின் முகம் ‘எந்தத் தெரு’ என்ற கேள்வியில் இறுகியதை நான் பார்த்தேன். நம் ஊர்களில் அந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்பது கேட்பவருக்குத் தெரியாவிட்டாலும், பதில் சொல்ல வேண்டியவருக்குத் தெரியும். அமெரிக்காவில் கல்லூரியும் விளையாட்டும் செய்கிற வேலையை இங்கே தெருவும், சைவமா அசைவமா என்ற மதிய உணவுப் பேச்சும் செய்துவிடும். பண்பாட்டுப் பொருத்தம் என்ற பெயரில் சாதி உள்ளே வருவதற்கு எவரும் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. கதவைத் திறந்து வைத்திருந்தால் போதும். அதே பட்டியலில், பெண்களிடம் கல்யாணம் எப்போது என்று கேட்பதும் இருக்கிறது.

இதுவரை சொன்னது நாங்கள் ஆளைத் தேர்ந்தெடுக்கும் பக்கம். வருகிறவரும் எங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும் அல்லவா? கடைசிச் சுற்றில், எங்களிடம் கடைசியாகச் சேர்ந்தவரோடு அரை மணி நேரம் தனியாகப் பேச விடுவோம். அதோடு, எங்களை விட்டுப் போன ஒருவரின் எண்ணையும் அவர் சம்மதத்தோடு கொடுப்போம். அப்படிப் பேசிவிட்டு வந்த ஒரு வடிவமைப்பாளர் என்னிடம் நேராகவே கேட்டார்: “நீங்க ராத்திரி ஒரு மணிக்கு மெசேஜ் அனுப்புவீங்களாமே சார், அதுக்கு உடனே பதில் சொல்லணுமா?” உடனே பதில் வேண்டாம் என்றுதான் நான் எப்போதும் நினைத்திருந்தேன்; ஆனால் அதை யாரிடமும் சொன்னதில்லை. அன்று முதல் இரவில் தோன்றுவதை எழுதி, காலை ஒன்பது மணிக்குப் போகும்படி வைத்துவிடுகிறேன். அந்த வடிவமைப்பாளர் சேர்ந்தார்.

சேர்கிறேன் என்று சொன்னவர் உண்மையிலேயே சேர்வது வேறு கதை. இங்கே பெரிய நிறுவனங்களில் வேலையை விடுவதாகச் சொன்ன பிறகும் மூன்று மாதம் அங்கேயே இருக்க வேண்டிய நோட்டீஸ் பீரியட் சாதாரணம். 2021இல் எல்லா நிறுவனங்களும் போட்டி போட்டுக்கொண்டு ஆள் எடுத்தபோது, எங்கள் ஆஃபர் லெட்டரை ஏற்றுக்கொண்ட ஒன்பது பேரில் நால்வர்தான் வந்து சேர்ந்தார்கள். மற்றவர்கள் அந்தத் தொண்ணூறு நாட்களில் எங்கள் கடிதத்தைக் காட்டியே வேறு இடத்தில் கூடுதலாக வாங்கிக்கொண்டார்கள். கோபப்பட்டுப் பயனில்லை. அந்தத் தொண்ணூறு நாட்களையும் காலியாக விட்டது நாங்கள்தான். இப்போது, கையெழுத்திட்ட வாரத்திலிருந்தே அவர் யாரோடு வேலை செய்யப் போகிறாரோ அவர் வாரம் ஒருமுறை அழைத்துப் பேசுவார். விருப்பமிருந்தால் வியாழக்கிழமை மாலைக் கூட்டத்தில் வந்து உட்காரலாம். வேலை எதுவும் கொடுக்க மாட்டோம். முழுவதும் பலித்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வராதவர்கள் இப்போது கடைசி நாளில் தொலைபேசியை அணைத்து வைக்காமல், முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள்.

அதே 2021 செப்டம்பரில் சென்னையில் பிறந்த மென்பொருள் நிறுவனமான ஃப்ரெஷ்வொர்க்ஸ் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானது. அதன் ஊழியர்களில் ஐந்நூறு பேருக்கு மேல் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்ற செய்தி எல்லா நாளிதழ்களிலும் வந்தது. அதுவரை ஊழியர்களுக்கு நிறுவனத்தில் பங்கு ஒதுக்குவது பற்றி நாங்கள் பேசினால் சிரித்தவர்கள், அதன் பிறகு அதையே முதலில் கேட்டார்கள். அந்த நேரத்தில் ஆசை காட்டுவது மிக எளிது. நான் ஒரு தாளில் மூன்று கணக்குப் போட்டுக் காட்டுவேன்: நிறுவனம் மூடப்பட்டால் பூஜ்யம், சுமாராக விற்கப்பட்டால் இவ்வளவு, நன்றாக வளர்ந்தால் இவ்வளவு. முதல் ஓராண்டுக்கு எதுவும் கைக்கு வராது என்பதையும், பங்கை எடுக்கும்போதே வருமான வரி வரும் என்பதையும் சேர்த்தே சொல்வேன். பூஜ்யத்தைப் பார்த்துவிட்டும் சேர்ந்தவர்கள்தான் நாங்கள் பணத்துக்குத் திண்டாடிய மாதங்களில் கூட இருந்தார்கள்.

வேலைக்கு வருவது ஒருவர். முடிவெடுப்பது ஒரு குடும்பம். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணை அவருடைய அப்பாவே சேரும் நாளன்று அழைத்து வந்தார். மாடிப்படியையும் அறையையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “சார், கம்பெனி எத்தனை வருஷமா நடக்குது? பி.எஃப். பிடிக்கிறீங்களா?” என்று கேட்டார். இருபது பேர் ஆன பிறகுதான் வருங்கால வைப்பு நிதி சட்டப்படி கட்டாயம். ஆனால் நாங்கள் அதற்கு முன்பே விருப்பத்தின் பேரில் பதிவு செய்திருந்தோம். கணக்கு எண்ணைக் காட்டியதும்தான் அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். சொந்தக்காரர்களிடம் பெயர் சொன்னால் புரியாத நிறுவனத்தில் மகளை விட்டுச் செல்கிற ஒருவரிடம் நம் பண்பாட்டு ஆவணத்தைப் படித்துக் காட்ட முடியாது. பத்துப் பேர் ஆனதுமே பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள்ளகக் குழு அமைக்க வேண்டும் என்ற சட்டத்தை, காகிதத்துக்காகச் செய்யாமல் அந்தக் குழுவின் பெயர்களை வாசலிலேயே எழுதி ஒட்டியதும் அந்த அப்பாவுக்குப் பிறகுதான்.

நான் இன்னும் வெட்கப்படுகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மற்ற எல்லோரையும்விட அதிகமாக விற்றுக்கொடுத்த ஒரு விற்பனையாளர் எங்களிடம் இருந்தார். சப்போர்ட் குழுவில் இருப்பவர்களிடம் தொலைபேசியிலேயே கத்துவார். ஆவணத்தில் எழுதியிருந்த எல்லாவற்றுக்கும் அவர் எதிர். வருமானத்தை நினைத்து ஏழு மாதம் பொறுத்தேன். அதற்குள் சப்போர்ட் குழுவில் இரண்டு பேர் போய்விட்டார்கள்; அவர்களில் ஒருவர் கடைசி நாளில், அந்த இரண்டு பக்கத்தை அச்செடுத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஒன்றும் எழுதவில்லை. மறு வாரம் விற்பனையாளரை அனுப்பினேன். அந்தக் காலாண்டில் விற்பனை விழுந்தது. திரும்ப எழ ஐந்து மாதம் ஆனது.

இப்போது நாங்கள் நாற்பத்தாறு பேர். சிலர் கோயம்புத்தூரிலும் திருநெல்வேலியிலும் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்கள். ஜோஹோ 2011இலேயே தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தபோது வியந்து பார்த்தவர்களில் நானும் ஒருவன். இன்று எங்களுக்கும் அது வேறு வழியில்லாத நடைமுறையாகிவிட்டது. சென்ற மாதம் சேர்ந்த ஒரு பொறியாளர், மூன்றாவது வாரத்தில், ஆவணத்தின் முதல் பக்கத்தில் இருந்த ஒரு வரியைக் குறிப்பிட்டு எல்லோருக்கும் பொதுவாக எழுதினார்: ‘எந்த முடிவாக இருந்தாலும் நிறுவனர்களிடம் நேரில் கேட்கலாம் என்று இருக்கிறது. நான் இரண்டு முறை கேட்டேன், இரண்டு முறையும் என் மேலாளர் வழியாக வரச் சொன்னார்கள்.’ அவர் சொன்னது சரி. பதினான்கு பேராக இருந்தபோது எழுதிய வரி அது. அழித்துவிடலாம் என்கிறார் என் கூட்டாளி. வாரத்தில் ஒரு மதியம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து, வரியை உண்மையாக்கலாம் என்கிறேன் நான். இந்தப் புதன்கிழமை கூட்டத்தில் மறுபடியும் பேசப் போகிறோம். அந்தப் பொறியாளரையும் அழைத்திருக்கிறோம்.